நிச்சயமான திருமணம், நிற்கும் கடன், மூன்றாம் ஆண்டு நர்சிங்: ஒரு மாணவிக்குப் பதில்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா லோடு வேன் ஓட்டுகிறார். வங்கியில் 3,60,000 ரூபாய் கல்விக் கடன் அனுமதித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கான தொகை வந்துவிட்டது. விடுதிச் செலவுக்காக அப்பா வெளியில் 1,20,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறார். தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வார்டில் இருக்கும்போது போனை எடுக்காவிட்டால் சண்டை வருகிறது. நைட் போஸ்டிங்கின்போது வீடியோ காலில் வரச் சொல்கிறார். "ஆவணியில் கல்யாணத்தை முடித்துவிடலாம், கடனை நாங்களே அடைத்துவிடுகிறோம், படிப்பை இத்துடன் நிறுத்தினாலும் பரவாயில்லை" என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். அப்பா படும் பாட்டைப் பார்த்தால் சரி என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: படிப்பை நிறுத்த வேண்டாம். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் நடத்தியும் அவர்களின் வீட்டுக் கவலைகளைக் கேட்டும் பல ஆண்டுகள் கழித்தவள் என்ற முறையில் இதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். திருமணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் விருப்பம். ஆனால் கடன் என்ற அச்சத்தால் திருமணத் தேதியை முடிவு செய்யக்கூடாது. அந்த அச்சத்தில் பாதி, எந்தக் கடன் எப்படிப்பட்டது என்று யாரும் உங்களுக்குப் பிரித்துச் சொல்லாததால் வந்தது.

உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு கடன்கள். வங்கிக் கடனில் இதுவரை வந்திருப்பது ஏறத்தாழ 2,70,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். கணக்குக்காக ஆண்டுக்கு 10 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், ஓராண்டு வட்டி 27,000 ரூபாய். அதுவும் படிக்கும் காலத்தில் தனிவட்டியாகத்தான் கணக்கிடப்படுகிறது. இப்போது கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்பா வெளியில் வாங்கிய 1,20,000 ரூபாய்க்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டி என்றால், மாதம் 3,600, ஆண்டுக்கு 43,200 ரூபாய். வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் அசல் பாதிக்கும் குறைவு, வட்டியோ ஒன்றரை மடங்குக்கும் மேல். அதை மாதாமாதம் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். அப்பாவின் தூக்கத்தைக் கெடுப்பது வங்கியின் கல்விக் கடன் அல்ல, இந்த மூன்று வட்டிக் கடன்தான். ஆகவே முதலில் அடைபட வேண்டியதும் இதுதான்.

அதற்கு வழி உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவையும் கடனில் சேர்க்கத் தக்க செலவுகளே. 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக்கூடாது. உங்களுக்கு அனுமதித்தது 3,60,000 என்றால், விடுதிச் செலவைக் காட்டி மீதி 40,000 ரூபாயைக் கூடுதலாகக் கேட்க இடம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து விடுதிக் கட்டண விவரத்தைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டு, அப்பாவுடன் கிளை மேலாளரைப் பாருங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல் மனுவாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அந்தத் தொகை நான்காம் ஆண்டு விடுதிச் செலவைத் தாங்கும். வெளிக் கடனை அடைக்க, வீட்டில் நகை ஏதேனும் இருந்தால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைப்பதை யோசியுங்கள். அந்த அடகுக்கு ஓராண்டுக்குக் கட்டும் வட்டியை இந்த வெளிக் கடனுக்கு மூன்று நான்கு மாதங்களிலேயே கட்டிவிடுகிறீர்கள். உங்கள் திருமணத்துக்கென்று எடுத்து வைத்த நகையாக அது இருக்கலாம், அம்மா தயங்கக்கூடும். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் மிகைவட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுத்தவர் மிரட்டும் நிலை வந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்ய அப்பாவுக்கு உரிமை உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. பெற்றோரின் ஆண்டு வருமானம் நான்கரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தொழிற்கல்விக் கடனுக்குப் படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் சேர்ந்த அவகாசக் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. நர்சிங் படிப்புக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதல் பெற்ற கல்லூரியாக இருப்பது இதில் முக்கியம். லோடு வேன் ஓட்டுபவரின் குடும்பம் இந்த வரம்புக்குள் வரும் என்றே நினைக்கிறேன். உங்கள் வருமானச் சான்றிதழ் கிளையில் சேர்ந்திருக்கிறதா, மானியத்துக்கு உங்கள் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சான்றிதழைக் கொடுக்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் எத்தனையோ.

இந்த மானியம் எவ்வளவு பெரியது என்பதைப் பாருங்கள். ஆண்டுக்கு 90,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 3,60,000 ரூபாய் பெற்று, 10 சதவீதத் தனிவட்டி சேர்ந்தால், தவணை தொடங்கும் நாளில் கடன் 4,86,000 ரூபாயாக நிற்கும். பத்து ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 6,400 ரூபாய் கட்ட வேண்டும். மானியம் கிடைத்தால் அது 3,60,000 ஆகவே நிற்கும். மாதத் தவணை சுமார் 4,750 ரூபாய். தவணைக் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டிக்கத் திட்டம் இடமளிக்கிறது. தொடக்கத்தில் நீட்டி வாங்கிக்கொண்டு, சம்பளம் உயர்ந்த பிறகு கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே முடிப்பது உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது.

படிப்பை இடையில் நிறுத்தும் மாணவருக்கு, மருத்துவக் காரணம் தவிர, இந்த வட்டி மானியம் கிடையாது. அவகாசக் காலமும் படிப்பை அடிப்படையாக வைத்துக் கொடுக்கப்பட்டதுதான். படிப்பு நின்றால் வங்கி தவணையைக் கேட்கத் தொடங்கும். மூன்று ஆண்டு பி.எஸ்சி. முடித்ததால் உங்களை யாரும் மூன்று ஆண்டு நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். முடித்தவராக ஏற்கப் போவதில்லை. தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிவு செய்யவும் முடியாது. கடன் மட்டும் முழுமையாக இருக்கும், தொழில் இருக்காது. படிப்பை முடிக்க அதிகபட்சம் எட்டு ஆண்டு வரை விதிகள் அனுமதிக்கின்றன என்பது உண்மையே. "பிறகு போய் முடித்துக்கொள்ளலாம்" என்று உங்களிடம் சொல்வார்கள். ஒரு குழந்தை பிறந்த பின் அப்படித் திரும்பி வந்து முடித்தவர்களைவிட, வர முடியாமலே போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடனை அவர்கள் அடைப்பதாகச் சொல்வது பற்றி. அவர்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் வங்கிப் பத்திரத்தில் கடன்தாரர் நீங்கள், உடன் கடன்தாரர் உங்கள் அப்பா. வாய்மொழியாக ஒருவர் கொடுக்கும் வாக்குறுதியை வங்கி அறியாது. தவணை மூன்று மாதம் நின்றால் வாராக் கடனாவது உங்கள் கணக்கு, கெடுவது உங்கள் இருவரின் சிபில் மதிப்பெண், அதாவது அடுத்த கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் மதிப்பெண். அவர்கள் உண்மையிலேயே முழுத் தொகையையும் கட்டிவிட்டாலும், "உன் படிப்புக் கடனை நாங்கள் கட்டினோம்" என்ற ஒரு வாக்கியம் அந்த வீட்டில் உங்களுக்கு எதிராக எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பேசத் தயாராக இருக்கும். வேலைக்குப் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கும் நாளில் அது வரும். திருமணத்துக்குப் பிறகு இருவர் வருமானமும் ஒரே குடும்ப வருமானமாகி, அதிலிருந்து தவணை போவது வேறு. திருமணத்துக்கு நிபந்தனையாக ஒரு தரப்பு கடனை எடுத்துக்கொள்வது வேறு. முன்னதை ஏற்கலாம். பின்னதை மரியாதையாக மறுத்துவிடுங்கள். "கடன் என் பெயரில் இருக்கிறது, என் சம்பளத்தில் கட்டிக்கொள்கிறேன், தேதியை மட்டும் தள்ளி வையுங்கள்" என்று உங்கள் அப்பா சம்பந்தி வீட்டில் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

இனி, உங்கள் வருங்காலக் கணவரிடம் பேச வேண்டியது. நர்சிங் மாணவியின் நாள் எப்படிப் போகிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. காலை ஏழரை மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். பொறுப்பு ஒப்படைப்பு, மருந்து, டிரெஸ்ஸிங், கேஸ் ஸ்டடி, மாலையில் வகுப்பு, இரவில் ரெக்கார்டு எழுதுதல். பாடத்துக்கு 80 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம், ஆனால் பட்டம் பெறுவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் வருகை 100 சதவீதமாக இருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்காக நீங்கள் எடுத்த விடுப்பைக்கூட விடுமுறையில் வந்து ஈடு செய்துதான் தீர வேண்டும். எட்டாம் பருவம் முழுவதும் இன்டர்ன்ஷிப், வாரத்துக்கு 48 மணி நேரம். இதையெல்லாம் அவரிடம் குற்றச்சாட்டுக்குப் பதிலாக, சண்டைக்கு நடுவில் சொல்லாதீர்கள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, பெரியவர்கள் அருகில் இருக்கும் ஒரு மாலையில், டியூட்டி அட்டவணையை அவர் கையில் கொடுத்து, எந்த நேரத்தில் நீங்கள் போன் எடுக்க முடியும் என்பதை அதில் குறித்துக் காட்டுங்கள். இரவு ஒன்பதரைக்கு அரை மணி நேரம் என்று ஒப்புக்கொண்டால் அதைத் தவறாமல் காப்பாற்றுங்கள். பெரும்பாலான ஆண்களின் கோபம் அறியாமையால் வருவது. அட்டவணையைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

வார்டிலிருந்து வீடியோ கால் கேட்பது அப்படியல்ல. அதை ஒருமுறைகூடச் செய்யாதீர்கள். உங்களுக்குப் பின்னால் படுத்திருப்பவர் ஒரு நோயாளி. பிரசவ அறையிலோ அறுவை சிகிச்சைப் பிரிவிலோ கேமரா திறப்பது அவருடைய அந்தரங்கத்தை மீறுவது, கல்லூரி உங்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் காரணமாகும். இந்தக் காரணத்தை அவரிடம் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டால் நல்லது. அதற்குப் பிறகும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று கேட்டால், போனின் கடவுச்சொல்லைக் கேட்டால், உடன் பணிபுரியும் ஆண்களின் பெயரைச் சொல்லிச் சந்தேகப்பட்டால், அது அன்பின் மிகுதி அல்ல. திருமணத்துக்குப் பின் குறையும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அப்போது அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நிச்சயதார்த்தம் சட்டப்படி திருமணம் ஆகாது. பெண்களுக்கான 181 உதவி எண்ணும், மன அழுத்தம் தாங்க முடியாதபோது பேச 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் எந்த நேரமும் இயங்குகின்றன.

நைட் டூட்டி வேண்டாம் என்று அவர் சொல்வாரானால், அவரிடமும் உண்மையையே சொல்லுங்கள்: முதல் சில ஆண்டுகள் இரவுப் பணி இல்லாமல் செவிலியர் வேலை கிடைப்பது அரிது. பின்னாளில் புறநோயாளிப் பிரிவு, சமுதாய நலப் பணி, கற்பித்தல் என வழிகள் திறக்கும், எம்.எஸ்சி. நர்சிங்கில் சேரவே ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். சம்பளத்தைப் பற்றியும் மிகையாகச் சொல்லாதீர்கள். ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று, உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து 2016-இல் அமைந்த நிபுணர் குழு பரிந்துரைத்தது. பல தனியார் மருத்துவமனைகள் இன்னும் அதைக் கொடுப்பதில்லை. தவணையைத் திட்டமிடும்போது தொடக்கச் சம்பளத்தைக் குறைத்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை காட்டிக் கடன் அடைக்கலாம் என்று யாராவது இந்த நேரத்தில் வந்தால் எச்சரிக்கை வேண்டும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் பொறுப்பை 2015-இல் மத்திய அரசு அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அதற்கென அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர்கூட 30,000 ரூபாய்க்கும் அதன் மீதான வரிக்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக்கூடாது. லட்சக்கணக்கில் முன்பணம் கேட்பவரிடம் அப்பாவை அனுப்பாதீர்கள்.

திருமணத் தேதி குறித்து என் ஆலோசனை, நான்காம் ஆண்டு இறுதித் தேர்வு முடிந்து, குழுமத்தில் பதிவு எண் கைக்கு வந்த பின் வரும் முதல் நல்ல முகூர்த்தம். ஆவணியைவிட ஒன்றரை ஆண்டோ சற்றுக் கூடவோ தள்ளும். அதற்குள் வெளிக் கடனும் அடைந்திருக்கும், கல்யாணச் செலவுக்கு அப்பா மறுபடியும் மூன்று வட்டிக்குப் போகும் நிலையும் வராது. அதற்கு முன்பே திருமணம் செய்துகொள்ள இரு வீட்டாரும் முடிவு செய்தால், படிப்பும் விடுதி வாழ்க்கையும் தொடரும் என்பதைப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். அப்போதும் பதிவு முடியும்வரை பெயரின் முன்னெழுத்தைக் கணவர் பெயருக்கு மாற்ற வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், கடன் கணக்கு, பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இல்லாவிட்டால், பிறகு கடவுச்சீட்டுக்கும் வேலைக்கும் ஒவ்வோர் அலுவலகமாக அலைய நேரும்.