போக்கர் டோர்னமென்ட்டில் சிப் குறைந்துவிட்டால் நல்ல சீட்டுக்குக் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். ஒன்பது பேர் மேசை, பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைப்பது; சின்னது ஸ்மால், பெரியது பிக்) 500/1000, பிக் பிளைண்டில் இருப்பவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆன்டி என்ற கூடுதல் கட்டாயத் தொகையாக 1000 வைக்கிறார், உங்களிடம் இருப்பது 12,000 என்று எழுதியிருக்கிறீர்கள். "பெரிய சீட்டு வரும்வரை ஒதுங்கியிருப்பதுதானே பத்திரம்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு சுற்று முழுக்க ஒதுங்கியே இருந்தாலும் 500, 1000, 1000 என்று 2500 போய்விடும். 12,000-ஐ 2500-ஆல் வகுத்தால் 4.8. இந்த எண்ணை 'எம்' என்பார்கள். பேக்காமன் ஆட்டத்தில் பெயர் பெற்ற பால் மேக்ரியலின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது. 4.8 சுற்று என்றால் சுமார் 43 கை, அதாவது 43 முறை சீட்டுப் போடுவது. ஜோடி ஏஸ், ஜோடி ராஜா, ஜோடி ராணி, ஏஸ்-ராஜா இவற்றில் ஏதாவது ஒன்று சராசரியாக 39 கைக்கு ஒரு தடவைதான் வரும். இடையில் பிளைண்ட் வேறு ஏறும். அப்படியே கடைசியில் ஜோடி ஏஸ் வருகிறது, அப்போது கையில் 4000 மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கால் செய்து (அதே அளவு போட்டு), நீங்கள் ஜெயித்து, எல்லாம் சேர்த்து அள்ளினாலும் 10,500-ஐத் தாண்டாது. இப்போது இருக்கிற 12,000-ஐ விட அது குறைவு. காத்திருந்து, ஆட்டத்திலேயே நல்ல சீட்டைப் பிடித்து, ஜெயித்தும் பின்தங்கியிருப்பீர்கள்.

எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். கல்யாணம், சாந்தி என்று எது வந்தாலும் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து எல்லோரும் பெரிய வீட்டுக்கு வந்து சேர்வோம். விசேஷம் முடிந்த ராத்திரி வளவில் ஜமுக்காளம் விரித்துச் சீட்டு நடக்கும். பெரியவர்கள் ரம்மி ஆடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது போக்கர் டோர்னமென்ட் ஆடுகிறோம். காசு கிடையாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தபிறகு ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் வழி அடைபட்டுவிட்டது. எங்கள் வீட்டில் அதற்கு முன்பிருந்தே வெறும் சிப்தான். ஜெயித்தவருக்கு ஒரு டின் மாவுருண்டை. காசு இல்லாவிட்டாலும் ஆட்டத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கே பார்த்த ஒரு கையைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. அம்மான் மகளிடம் 9000 இருந்தது, பிளைண்ட் இதே 500/1000. அவள் பட்டனில், அதாவது பிளைண்ட் வைக்கும் இருவருக்கும் சற்று முன்னால் ஆடும் இடத்தில். முன்னால் எல்லோரும் ஃபோல்டு, சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு அடுக்குச் சிப்பையும் உள்ளங்கையால் அப்படியே முன்னே தள்ளினாள். ஸ்மால் பிளைண்டில் இருந்த அண்ணன் உடனே ஃபோல்டு. பிக் பிளைண்டில் பெரியப்பச்சி. வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், 14,000 சொச்சம் வைத்திருந்தார். "என்னாத்தா, மொத்தத்தையும் வச்சுட்டே?" என்றார். தன் சிப்பை எண்ணினார். கால் செய்து தோற்றால் மிஞ்சுவது நாலைந்தாயிரம்தான். ராணி-ஒன்பதைக் கவிழ்த்து வைத்தார். அவள் திருப்பிக் காட்டியது ஸ்பேடில் ஒன்பது-எட்டு. சீட்டு அவருடையதுதான் பெரிது, 2500 போனது அவள் பக்கம். ஒரே கையில் அவள் முதல் 11,500 ஆகிவிட்டது, நடுவில் ஒரு சீட்டுகூட விரிக்காமல்.

சிப் குறைந்தவரிடம் மிச்சமிருக்கும் ஆயுதம் இது ஒன்றுதான்: எதிராளியை ஃபோல்டு செய்ய வைக்கும் பலம். அந்தப் பலம் சிப்போடு சேர்ந்து தேயும். 12,000 வைத்து நீங்கள் ஆல்-இன் போனால் (மொத்தத்தையும் வைத்தால்) பிக் பிளைண்டில் இருப்பவர் நடுவில் சேரும் மொத்தம் 25,500-க்காக இன்னும் 11,000 போட வேண்டும். கால் செய்ய அவருக்கு 43 சதவீத வாய்ப்பாவது வேண்டும், யோசிப்பார். 4000 வைத்துப் போனால் 9500-க்காக 3000 போட்டால் போதும், 32 சதவீத வாய்ப்பே போதும். ஏழு-இரண்டு வைத்துக்கொண்டுகூடக் கால் செய்துவிடுவார், அதில் பெரிய தப்பும் இல்லை. எங்கள் ஊர்க் கொடுக்கல் வாங்கல் பாஷையில் சொன்னால், காத்திருப்பது முதலை எடுத்து வட்டி கட்டுவது. முதல் மொத்தமாகத் தெரிகிறவரைதான் பேரம் பேச முடியும்.

1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் போக்கர் உலகத் தொடரின் முக்கிய ஆட்டமான மெயின் ஈவென்ட்டை ஜெயித்ததை இதற்கு எதிர்வாதமாகச் சிலர் சொல்வார்கள். எல்லாம் போச்சு என்று எழுந்தவர் ஒரே ஒரு சிப் மிச்சமிருப்பதைப் பார்த்து உட்கார்ந்து, அதை வைத்தே பட்டம் வரை போனார் என்பது கதை. ஜெயித்தது நிஜம், பெரிய சாதனையும்கூட. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஒரு சிப் வரை இறங்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அந்த நிலைக்குப் போகாமல் இருக்கத்தான் இத்தனை கணக்கும்.

சரி, எந்தச் சீட்டோடு போவது? பத்து பிக் பிளைண்டை ஒட்டி வந்துவிட்டால் சின்ன ரெய்ஸ் (பந்தயத் தொகையைக் கூட்டுவது) போட்டுவிட்டுப் பிறகு ஃபோல்டு செய்வது வீண் செலவு. போனால் ஆல்-இன், இல்லாவிட்டால் ஃபோல்டு. முதல் இடங்களில் உட்கார்ந்திருந்தால் பின்னால் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அங்கே நடுத்தர ஜோடி, ஏஸ்-ஜாக்கி மாதிரிச் சீட்டு வேண்டும். பட்டனில் முன்னால் எல்லோரும் ஒதுங்கிவிட்டால் எந்த ஜோடியும், எந்த ஏஸும், பெரும்பாலான ராஜாவும், ஒரே இனத்தில் அடுத்தடுத்த எண்ணாக வரும் சீட்டும் போதும். ஏஸ்-நான்கை விட ஒன்பது-எட்டை இளக்காரமாக நினைக்காதீர்கள். கால் செய்பவரிடம் ஏஸ்-ராஜா இருந்தால் ஏஸ்-நான்குக்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான், ஒரே இன ஒன்பது-எட்டுக்கு நாற்பது சதவீதம் இருக்கும்.

இன்னொன்று, முதலில் தள்ளுகிறவர் நீங்களாக இருக்க வேண்டும். உங்களுக்கு முன்பே ஒருவர் ஆல்-இன் போய்விட்டால் அவரை ஃபோல்டு செய்ய வைக்கும் வழி போய்விடுகிறது. தள்ளுவதற்குப் போதுமான சீட்டு கால் செய்யப் போதாது. ஏஸ்-ஏழைத் தள்ளுங்கள், அதே ஏஸ்-ஏழோடு முதல் இடத்திலிருந்து வந்த ஆல்-இன்னைக் கால் செய்யாதீர்கள். சிப் குறைந்தவர்கள் பலர் வெளியேறுவது இப்படிக் கால் செய்துதான்.

பரிசுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கணக்கு மாறும். நான்கு பேர் மிச்சம், சமமான சிப், பரிசு முதல் மூன்று பேருக்கு 50, 30, 20 என்று வையுங்கள். ஒவ்வொருவரின் பங்கும் 25. ஒருவர் இன்னொருவரை வெளியேற்றிச் சிப்பை இரட்டிப்பாக்கினால் பங்கு 50 ஆகிவிடாது, சிப்பைப் பரிசுப் பங்காக மாற்றிப் பார்க்கும் ஐசிஎம் கணக்குப்படி 38.3 தான். 13.3 கூடுவதற்காக 25-ஐப் பணயம் வைக்கிறார். அதனால் கால் செய்ய 65 சதவீத வாய்ப்பு தேவைப்படுகிறது. எதிராளிக்கும் அதே பயம் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் யார்மேல் தள்ளுகிறோம் என்று பார்க்க வேண்டும். நடுத்தரச் சிப் வைத்திருப்பவர் ரொம்பத் தயங்குவார், பெரியப்பச்சி அந்த நிலையில்தான் இருந்தார். மலை மாதிரிக் குவித்து வைத்திருப்பவருக்கு உங்கள் 12,000 போனாலும் வந்தாலும் ஒன்றுதான், அவர் பிக் பிளைண்டில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் நல்ல சீட்டோடு போங்கள். உங்களைவிடக் குறைந்த சிப்போடு ஒருவர் அடுத்த கையில் பிளைண்டுக்கு வரப் போகிறார் என்றால், அந்த ஒரு கை மட்டும் பொறுத்திருப்பது நியாயம்.

அப்புறம், ஜெயித்து 25 பிக் பிளைண்ட் அளவுக்கு ஏறிவிட்டால் உடனே தள்ளுவதை நிறுத்திவிட்டுச் சாதாரண ரெய்ஸுக்குத் திரும்பிவிடுங்கள். அம்மான் மகள் அன்றைக்கு அதைச் செய்யவில்லை, ஏறிய பிறகும் தள்ளிக்கொண்டே போய் மூன்றாவதாக வெளியேறினாள். மாவுருண்டை டின் அண்ணனுக்குப் போனது.