பில் வெளுத்தால் வாரன்டியும் வெளுக்குமா?

புது மியூசிக் பிளேயர் வாங்கியவர்களின் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. போனிலேயே பாட்டு கேட்கலாமே, தனியாக ஒன்று எதற்கு என்று நடுவில் ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார். வாங்கியவர்களுக்குக் காரணம் இருக்கும். மற்ற கடிதங்களைப் பார்ப்போம்.

கேள்வி: முதல் தடவை 12 மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகுதான் பிளேயரை ஆன் செய்ய வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?

பதில்: இல்லை. அது நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போது வருவது லித்தியம் பேட்டரி. நிறைந்ததும் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். அந்த நேரத்தில் உருப்படியாக வேறு வேலை பாருங்கள். எல்லா பட்டனையும் அமுக்கிப் பாருங்கள். இரண்டு காதிலும் சத்தம் சமமாக வருகிறதா, மெமரி கார்டைப் போட்டால் படிக்கிறதா, புளூடூத் அறுந்து அறுந்து போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கடைகள் மாற்றித் தருவது வாங்கிய சில நாட்களுக்குத்தான். அதற்குள் பழுதைக் காட்டினால் வேறு புதுசு கிடைக்கும். தாண்டிவிட்டால், வாரன்டி இருந்தாலும் அநேகமாக ரிப்பேர்தான்.

கேள்வி: பெட்டியில் வந்த கேபிளில் சார்ஜ் ஏறுகிறது. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் என் போன் கேபிளில் ஏறவே இல்லை. பிளேயர் பழுதா?

பதில்: பழுது என்று நான் சொல்வேன், சர்வீஸ் சென்டர் சொல்லாது. இரு முனையும் டைப்-சி என்றால், எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சார்ஜர் மின்சாரம் விடும். அதைத் தெரிவிக்க பிளேயருக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருக்க வேண்டும். கடுகளவு சாமான், அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள். பெட்டியில் வந்த கேபிளின் மறுமுனை பழைய தட்டை முனையாக இருக்கும். அதைச் செருகும் சார்ஜர் எதுவும் கேட்காமல் 5 வோல்ட் தரும், அதனால் அதில் ஏறுகிறது. திருப்பித் தரும் நாள் இன்னும் தாண்டவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். தாண்டிவிட்டதா, பெட்டியில் வந்த கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 64 ஜி.பி. என்று போட்டிருக்கிறது, கணினியில் 59 சொச்சம் காட்டுகிறது. ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்று எண்ணுகிறார், உங்கள் கணினி 107 கோடி சொச்சத்தை. இரண்டு கணக்கும் பல காலமாக ஒத்துப்போகவில்லை.

கேள்வி: பிளேயருக்காக ஆன்லைனில் 512 ஜி.பி. மெமரி கார்டு வாங்கினேன், பாதி விலைக்கு. முதலில் போட்ட பாட்டுகள் பாடின. இன்னும் நிறையப் போட்டதும் பல பாட்டுகள் திறக்கவே இல்லை. பிளேயர் கம்பெனிக்காரர் கார்டைக் குறை சொல்கிறார். நான் யாரிடம் போவது?

பதில்: உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. விலை குறைவாக இருந்தது உங்கள் குற்றம் ஆகாது. தள்ளுபடி என்று சொல்லித்தானே விற்றார்கள்? பிளேயர்காரர் சொல்வதும் சரிதான். இது உள்ளே சின்னதாக ஒரு சிப்பை வைத்து, கணினி கேட்டால் 512 என்று பொய் சொல்லும்படி செய்த போலிக் கார்டு. நிஜக் கொள்ளளவு தீர்ந்ததும், வருகிற கோப்பை வாங்குவது மாதிரி நடிக்கும். அல்லது பழையதன் மேலேயே எழுதிவிடும். கார்டு முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச நிரல்கள் இருக்கின்றன, எஃப்3 அதில் ஒன்று. அது காட்டும் முடிவைப் படம் எடுத்து, விற்ற தளத்துக்கு ‘போலிப் பொருள்’ என்றே புகார் எழுதுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் ‘ஃபார்மட் செய்து பாருங்கள்’ என்று நாளைக் கடத்துவார்கள். இப்படி ஒரு கார்டு என் மேசை டிராயரிலும் கிடக்கிறது. நான் சோதிப்பதற்குள் அந்த விற்பனையாளர் தளத்திலிருந்தே காணாமல் போயிருந்தார்.

கேள்வி: பேன்ட் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போய்விட்டது. தண்ணீர் பட்டதைச் சொல்லாமல் வாரன்டியில் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. பல கருவிகளில் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் ஈரம் பட்டால் சிவந்துவிடும். துவைக்கும் முன் பையைத் துழாவுங்கள், தம்பி.

கேள்வி: பிளேயர் ஆன் ஆகவில்லை. இரண்டு வருட வாரன்டியில் ஒரு வருடம்தான் முடிந்திருக்கிறது. பில்லைக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் வெற்றுத் தாள். பில் இல்லாமல் முடியாது என்கிறார்கள்.

பதில்: எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் இது. அந்த பில்லில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள் அது. வெயில், வெப்பம், கையில் இருக்கும் எண்ணெய்ப்பசை எல்லாம் எழுத்தை அழிக்கும். பிளாஸ்டிக் கவர் சிலது இன்னும் மோசம். அதிலிருந்து கசியும் ரசாயனமே எழுத்தைத் தின்றுவிடும். கவனமாகப் பாதுகாத்தவருக்குத்தான் முதலில் அழிகிறது! சரி, லேமினேட் செய்வோம் என்று போனால் அந்தச் சூட்டில் முழுத்தாளும் கறுத்துவிடும். இரண்டு வருடம் கழித்துக் காட்டு என்று கேட்கும் தாளை, இரண்டு வருடம் நிற்காத தாளில் அச்சடித்துத் தருகிறார்கள். இதைக் கேட்டால் கவுன்டரில் இருக்கும் பையன் சிரிக்கிறான். அவன் என்ன செய்வான்?

உங்களுக்கு வழி இருக்கிறது. கடையின் கணினியில் உங்கள் பில் இருக்க வாய்ப்பு அதிகம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கி ஸ்டேட்மென்டில் தேதியும் தொகையும் இருக்கும். அதைக் கொண்டுபோய் மறு பிரதி கேளுங்கள். பிளேயரின் சீரியல் எண்ணையும் கம்பெனிக்கு எழுதுங்கள், சில கம்பெனிகள் அதை வைத்தே வாரன்டி தேதியைப் பார்த்துவிடும். மற்றவர்கள் இன்றைக்கே பில்லைப் போனில் படம் எடுத்து, தங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்து மாதத்தில் பேட்டரி பாதி நேரம்கூட நிற்கவில்லை. பெட்டியில் ‘2 வருட வாரன்டி’ என்று பெரிதாக இருக்கிறது.

பதில்: பெரிய எழுத்தைப் படித்தீர்கள், சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. பல வாரன்டி கார்டுகளில் பேட்டரிக்கு 6 மாதம், இயர்போனுக்கும் கேபிளுக்கும் அதைவிடக் குறைவு அல்லது ஒன்றுமே இல்லை என்று இருக்கும். தேய்மானம் என்று சொல்லிவிடுவார்கள். கார்டை எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கதை வேறு. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். அதைத் தேய்மானம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பழுதுக்குப் பதிலாக வேறு பிளேயர் கொடுத்தார்கள். வாரன்டி மறுபடி முதலிலிருந்து தொடங்குமா?

பதில்: பெரும்பாலும் பழைய வாரன்டியில் மிச்சம் இருக்கும் காலம்தான். மாற்றிக் கொடுத்த ரசீதில் புது சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். பழையதில் இருந்த பாட்டுகளைப் பற்றிக் கேட்காதீர்கள், அவை போய்விட்டன.

கேள்வி: கூடுதல் பணம் கட்டினால் நீட்டித்த வாரன்டி தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: எந்தத் தேதியில் தொடங்குகிறது, பேட்டரி சேர்த்தியா என்று இரண்டையும் கேளுங்கள். நான் ஒருமுறை வாங்கினேன். கம்பெனி வாரன்டி ஓடிய அதே வருடத்தில் அதுவும் ஓடி முடிந்தது.