அட்டை உங்கள் கதவில்தான் தொங்கியது

கேள்வி: ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியை அடுத்த கிராமம் என் ஊர்; வயது 29. ஒன்றரை ஆண்டுகளாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பொறியாளராக இருக்கிறேன். சமையல், பாத்திரம், துணி, குப்பையை வகைபிரித்துப் போடுவது என எதையும் சமாளிக்க முடியவில்லை. ஞாயிறன்று கடைகளும் இல்லை. மாடிப்படியைக் கூட்டித் துடைக்கும் முறைக்கான அட்டை என் கதவில் தொங்கிய வாரமும் மறந்துவிட்டேன்; கீழ்வீட்டுப் பாட்டி துடைத்துவிட்டார். அப்பா கீழ்பவானிப் பாசனத்தில் விவசாயம் செய்கிறார். அம்மாவை மூன்று மாதம் இங்கே அழைத்துக்கொள்ளலாமா?

பதில்: தம்பி, வெளிநாட்டில் தனியாக இருப்பது சிரமம்தான் என்று தொடங்கும் ஆறுதலை உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை. இதே கடிதம் நாடும் ஊரும் மாறிப் பல ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருக்கிறது. சமையலையும் துணியையும் அடுக்கி எழுதிய நீங்கள், பாட்டி படியைத் துடைத்ததை அரை வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த அரை வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

என் அண்ணன் மகள் அதே நகரில் சில ஆண்டுகள் குடியிருந்ததால், ‘கேர்வோஹே’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் கூட்டும் வாரத்தைப் பற்றி எனக்குத் தெரியும். மாநகராட்சி 1988-இல் அதைத் தன் விதிகளிலிருந்து எடுத்துவிட்ட பிறகும், வாடகை ஒப்பந்தங்களின் வழியாகப் பல வீடுகளில் அது நீடிக்கிறது. அட்டை உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டு உங்கள் பொறுப்பு. நீங்கள் துடைக்காத படிகளில் ஒரு வயதான பெண்மணி வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் குனிந்து துடைத்து இறங்கியிருக்கிறார். அவர் உங்கள் கதவைத் தட்டவில்லை என்பதால் காரியம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டீர்கள்.

முறை என்றால் என்னவென்று கவுந்தப்பாடிப் பக்கத்துப் பிள்ளைக்கு நான் விளக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. கீழ்பவானிக் கால்வாய் பாயும் ஆயக்கட்டின் 2,07,000 ஏக்கருக்கும் ஒரே போகத்தில் தண்ணீர் விடுவதில்லை; ஒரு பாதி நெல் நடும்போது மறு பாதி தன் போகத்துக்குக் காத்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு முறை வந்தாலும் உங்கள் அப்பா டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாக வரப்பில் நின்றிருப்பார். தம் நேரம் முடிந்ததும் சேற்றை வெட்டிப் போட்டு மடையை அடைத்து, அடுத்த காட்டுக்காரருக்குத் தண்ணீரைத் திருப்பியிருப்பார். அவர் உறங்கிவிட்டதால் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து உங்கள் வயலுக்குப் பாய்ச்சிவிட்டுப் போனார் என்று ஒரு நாளாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அந்த அப்பாவின் மகனுக்கு வீட்டுக்குள் மட்டும் முறை வரவே இல்லை. உண்ட தட்டை அம்மா எடுத்தார். இப்போது உங்கள் படியைப் பாட்டி துடைக்கிறார். இதில் உங்கள் பெற்றோர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. மகளை விடியுமுன் எழுப்பி வாசல் தெளிக்கச் சொல்லும் நம் கொங்கு வீடுகள், மகன் படித்தால் போதும் என்று போர்வையை இழுத்துவிட்டுப் போவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். ஆனால் 29 வயதுக்குப் பிறகும் அதைச் சொல்லித் தப்பிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அம்மாவை இப்போது அழைக்காதீர்கள். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குக் குறுகிய காலம் வந்துபோவதற்கான ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். அவர் விமானம் ஏறிய மறுநாள் பாத்திரங்கள் மீண்டும் அதே தொட்டியில் கிடக்கும். அந்த மூன்று மாதமும் ஊரில் அப்பாவுக்குச் சோறாக்குவது யார் என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

சமையலுக்கு முதலில் அரிசியும் பருப்பும் சோறு பழகிக்கொள்ளுங்கள். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய். எல்லாம் ஒரே குக்கரில் முடிந்துவிடும். கழுவுவதற்குக் குக்கரும் ஒரு தட்டும்தான் இருக்கும், அவற்றை அன்றிரவே கழுவிவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை, உங்கள் முறை இல்லாவிட்டாலும், கீழ்வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பாட்டியின் அடுத்த வாரத்தை நீங்கள் செய்வதாகச் சொல்லுங்கள். அம்மாவின் விசாவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அவர் வந்து தங்கும் நாட்களில் அட்டை உங்கள் கதவுக்கு வந்தால், அவர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கட்டும். வாளி உங்கள் கையில் இருக்க வேண்டும்.