டாப், பாட்டம், கோத்தி, பந்தி: கேட்டவர்களுக்குச் சொன்னது

எச்ஐவி தடுப்புக் களப்பணியில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது, நானும் கே ஆண்தான். கூச்சப்படாமல் கேளுங்கள். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: காண்டத்தோடு தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

பாட்டமாக இருப்பவர் மனதளவில் பெண்தானே?

இல்லை. டாப், பாட்டம் எல்லாம் படுக்கையில் செய்கிற வேலையின் பெயர்: உள்ளே செலுத்துகிறவர் டாப், வாங்கிக்கொள்கிறவர் பாட்டம். முறுக்கு மீசை வைத்த பாட்டமும் உண்டு, நளினமாக நடக்கிற டாப்பும் உண்டு, இரண்டும் பிடித்த வெர்ஸும் உண்டு. தன்னைப் பெண்ணாக உணர்வது பாலின அடையாளம், அது வேறு விஷயம்.

நான் டாப் மட்டும்தான், கல்யாணமும் ஆகிவிட்டது. எனக்கு எச்ஐவி டெஸ்ட் தேவையில்லைதானே அண்ணா?

தேவை. காண்டம் இல்லாவிட்டால் பாட்டமுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம், சரி. அதற்காக டாப்புக்கு இல்லை என்று யார் சொன்னது? அரசு மருத்துவமனையில் இருக்கிற நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், இலவசம். வீட்டில் இருப்பவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

போகிறேன். ஆனால் நான் கே இல்லை, பந்தி.

உங்களைக் கே என்று நான் சொல்லவே இல்லையே. இப்படிச் சொல்கிறவர்கள் ஏராளம் என்பதால்தான் எய்ட்ஸ் திட்டங்களில் 'ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்' என்று, அடையாளத்தை விட்டுவிட்டுச் செயலை மட்டும் வைத்துப் பெயர் கொடுத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தி என்ற பெயரே கோத்திகள், அதாவது நளினமாக இருந்து ஆண்களை நாடும் ஆண்கள், தங்களோடு சேர்கிற 'ஆண்மையான' ஆண்களுக்கு வைத்ததுதான். ஆண்மை குறையாத பெயர் என்று நீங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அவர்கள் போட்ட பிச்சை! டாப், பாட்டம் இரண்டுமாக இருக்கிறவனுக்கு டபுள் டெக்கர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

கோத்திகளால்தான் நம் எல்லோருக்கும் கெட்ட பெயர். கொஞ்சம் அடக்கமாக இருந்தால் என்ன?

கோபம் வருகிறது தம்பி. நீங்களும் நானும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஆபீஸில் ஒளிந்திருந்த காலத்தில், பஸ் ஸ்டாண்டிலும் பூங்காவிலும் போலீஸ் அடி வாங்கியவர்கள் அவர்கள். 2018 செப்டம்பர் 6-ல், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே, அது உங்களுக்கும் சேர்த்துத்தான். டேட்டிங் ஆப்பில் 'ஆண்மையானவர்கள் மட்டும்' என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர், விளக்கை அணைத்ததும் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பாட்டம் என்றால் இளக்காரம் என்ற எண்ணம், பெண் என்றால் இளக்காரம் என்பதிலிருந்து வந்ததுதான், வேறெங்கிருந்தும் இல்லை.

உள்ளே செலுத்துகிற உறவே எனக்குப் பிடிப்பதில்லை. குறையா?

இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு 'சைடு' என்றே பெயர் இருக்கிறது.

பாட்டம் என்றால் மனைவி மாதிரியா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆண்களைப் பிடிப்பதைச் சிகிச்சையால் மாற்றிவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர்.

வேறு டாக்டரைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றம் கேட்டபிறகு, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது.

நான் வெர்ஸ். அப்படியென்றால் பாட்டம்தானே, அதாவது பெண்...

முதல் பதில்!

அண்ணா, நேற்று ராத்திரி காண்டம் கிழிந்துவிட்டது. நான் பாட்டம். பயமாக இருக்கிறது.

பயப்பட நேரமில்லை, கிளம்புங்கள். 72 மணி நேரத்துக்குள் பெப் மாத்திரை, அதாவது எச்ஐவி தொற்றாமல் தடுக்கிற மாத்திரை, ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் எச்ஐவி மருந்து கொடுக்கிற ஏஆர்டி மையம் எங்கே என்று கேளுங்கள், மூடியிருந்தால் அவசரப் பிரிவு. எப்படிக் கிழிந்தது?

தேங்காய் எண்ணெய் அண்ணா.

முதலில் போய்விட்டு வாருங்கள். திட்டுவதை வந்தபிறகு வைத்துக்கொள்கிறேன்.