சின்ன ஊரில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தேடும் தம்பிக்கு

தம்பி, ஆறு வயது மகன் பென்சில் பிடிக்கவும் பட்டன் போடவும் சிரமப்படுகிறான், குடிவந்த ஊரோ சின்னது, உரிமம் உள்ள ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளரை) எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு என்று சொல்லவில்லை. ஆனாலும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

கிளினிக் விளம்பரங்களில் தொடங்காமல் முதலில் பள்ளியில் கேளுங்கள். சின்ன ஊரில் இந்தத் தெரபிஸ்டுகள் தனியாக போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பது அரிது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் ஒருவரே முறைவைத்து வந்து போவதுண்டு. இணையத்தில் தேடினால் அவர் பெயர் கிடைக்காமல் போகலாம், பள்ளி அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். வாய்வார்த்தையாகக் கேட்டு நிறுத்திவிடாமல், மகனை மதிப்பீடு செய்யச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அமெரிக்க அரசுப் பள்ளி என்றால் இது ரொம்பவே முக்கியம். அங்கே சிறப்புக் கல்விச் சட்டப்படி தகுதி பெறும் பிள்ளைக்கு, படிப்புக்குத் தேவையான தெரபியைப் பள்ளியே இலவசமாகத் தர வேண்டும். மதிப்பீடு செய்ய மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

அதே வாரம் குடும்ப மருத்துவரிடமும் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பக்கத்து நகர மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் போட்டுவிடுங்கள். யாராவது கடைசி நேரத்தில் வராமல் போனால் உடனே கிளம்பி வருவோம் என்று சொல்லி வையுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு இது நிஜமாகவே உதவும்.

பெயர் கிடைத்ததும் உரிமத்தைச் சரிபாருங்கள். பிரிட்டனில் எச்.சி.பி.சி., ஆஸ்திரேலியாவில் ஆப்ரா (இரண்டும் இத்தகைய தெரபிஸ்டுகளைப் பதிவு செய்யும் அமைப்புகள்), கனடாவில் அந்தந்த மாகாண ஒழுங்குமுறை அமைப்பு, அமெரிக்காவில் மாநில உரிம வாரியம். இவற்றின் பதிவேடுகள் எல்லாமே இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடியவை. உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஏதும் நிபந்தனை விதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஆட்கள் யாரோ நல்லவர் என்று சொன்னார்கள் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள், பிள்ளை விஷயம்.

வீடியோவில் பார்க்கும் தெரபிஸ்டும் நல்ல வழிதான். ஆனால் பொதுவாக, பிள்ளை இருக்கும் இடத்தில் செல்லுபடியாகும் உரிமம் அவருக்கு வேண்டும். தாய்நாட்டில் தெரிந்த ஒருவரை வைத்து வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த அறிக்கையைப் பள்ளியோ காப்பீட்டு நிறுவனமோ ஏற்காமல் போகலாம்.

அப்புறம், நேரில் பார்க்கும் நாள் கிடைத்தால் வீட்டில் தினமும் செய்யவேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்குங்கள். அவர் செய்துகாட்டுவதை அனுமதி கேட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பு தள்ளிப்போனாலும் பயிற்சி நிற்காது. எந்த நாடு, எந்த மாநிலம் என்று சொல்லுங்கள், எந்தப் பதிவேட்டில் தேடுவது என்று சொல்கிறேன்.