“செட் ஓடுது சார்”: ஹாம் ரேடியோ வாங்கியவர்களின் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி, பற்றி மட்டும் ஒரு கட்டுக் கடிதம் சேர்ந்துவிட்டது. மிக்சி, இன்வெர்ட்டர் வழக்குகள் அடுத்த முறை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய பகுதிகளை எடுத்துவிட்டேன், அவற்றில் பாதி நியாயமாக இருந்தாலும்.

கேள்வி: பழைய டிரான்சீவர் (அனுப்பவும் வாங்கவும் செய்கிற செட்) ஒன்றை 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். 40 மீட்டரில் குரல் வருகிறது, ஒரு சொல் புரியவில்லை. டயலை எப்படிச் சுற்றினாலும் வாத்துச் சத்தம்தான். விற்றவரோ “செட் ஓடுது” என்கிறார். ஏமாந்துவிட்டேனா?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: இல்லை தம்பி. மோட் பட்டனைப் பாருங்கள், யூஎஸ்பி என்று இருக்கும். பென் டிரைவ் செருகுகிற யூஎஸ்பி இல்லை, இது மேல் பக்கப்பட்டை (அப்பர் சைட்பேண்டு), மைய அலைவரிசைக்கு மேலே உள்ள பாதியில் மட்டும் குரலை அனுப்பும் முறை. 40 மீட்டரில், அதாவது நமக்கு அனுமதித்த 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸுக்குள், எல்லோரும் எல்எஸ்பி என்ற கீழ்ப் பக்கப்பட்டையில்தான் பேசுகிறார்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி, மேலே யூஎஸ்பி என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் யூஎஸ்பிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பக்கப்பட்டை தப்பாக இருந்தால் குரலின் மேல் சுருதியும் கீழ்ச் சுருதியும் தலைகீழாகிவிடும். டயலை என்ன சுற்றினாலும் சொல் புரியாது. பட்டை சரியாகி, குரல் மட்டும் கீச்சென்றோ கட்டையாகவோ வந்தால் டயல் கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். எல்எஸ்பியில் கீச்சென்றால் டயலைக் கீழே இறக்குங்கள், கட்டையாக இருந்தால் ஏற்றுங்கள். அதற்கு முன் ஸ்டெப், அதாவது டயல் ஒவ்வொரு முறையும் நகரும் அளவு, எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோஹெர்ட்ஸ் ஸ்டெப்பில் வைத்துக்கொண்டு குரலைத் தேடினால் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிக் குதித்துவிடும். 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கி நிதானமாகச் சுற்றுங்கள். இந்த முறையில் மைய அலையான கேரியர் அலையை அனுப்புவதே இல்லை, அதை உங்கள் செட்டே உள்ளே போட்டுக்கொள்கிறது. 100 ஹெர்ட்ஸ் தள்ளிப் போட்டால்கூடக் காது கண்டுபிடித்துவிடும்.

விற்றவர் இந்தமுறை பொய் சொல்லவில்லை. அந்தப் பட்டன் எங்கே என்று காட்டியிருக்கலாம்.

கேள்வி: என் கணவர் ஹாம். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. செட்டைப் பார்க்க ஒருவர் வந்தார். ஆன் செய்து, பெரிய குமிழைச் சுற்றிக் காட்டினார். எண் அசையவே இல்லை. “உள்ளே போச்சு ஆச்சி, உங்களுக்காக 4,000 தர்றேன்” என்றார். கொடுத்துவிடவா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள் ஆச்சி. பெரிய குமிழுக்குப் பக்கத்தில் லாக் என்று எழுதிய சின்னப் பட்டன் ஒன்று இருக்கும். செட்டை இயக்கும்போது கை பட்டு அலைவரிசை நகராமல் இருக்க வைத்த பூட்டு அது. அதை ஒருமுறை அழுத்துங்கள், சில செட்களில் ஒரு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். திரையில் பூட்டுக் குறியோ அந்த எழுத்தோ மறைந்ததும் குமிழைச் சுற்றிப் பாருங்கள். எண் ஓடினால், வந்தவர் யாரென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மைக்கின் பக்கவாட்டுப் பட்டனை மட்டும் அழுத்த வேண்டாம். ஆன்டெனா மாட்டாத செட்டில் அதை அழுத்துவது ஆபத்து. மைக், 13.8 வோல்ட் பவர் சப்ளை, கையேடு மூன்றையும் செட்டோடு ஒன்றாக வையுங்கள். மைக் தொலைந்த செட்டுக்கு விலை பாதியாகப் பேசுவார்கள். உரிமம் உள்ளவருக்குத்தான் கைமாற்ற வேண்டும், ஆகவே விலை கேட்டு வருகிறவரிடம் முதலில் அவரது அடையாளமான அழைப்புக்குறியையும் உரிமத்தின் நகலையும் கேளுங்கள். குறி வியூ2, வியூ3 என்கிற மாதிரி ஆரம்பிக்கும். கணவர் யாரோடு பேசினார் என்று குறித்துவைத்த லாக் புத்தகம் வீட்டில் இருந்தால் அதில் உள்ளூர்க்காரர்களின் குறிகள் இருக்கும். அவர்களில் ஒருவரை வரவழைத்து விலை கேளுங்கள். மாடல் பெயரைப் படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள், நானும் விசாரிக்கிறேன். 4,000 ரூபாய்க்கு அந்த பவர் சப்ளைகூட வராது.

கேள்வி: கோட்டையூரில் என் செட் இரண்டு நாளாக ஊமை. விளக்கு எரிகிறது, எண் ஓடுகிறது, இரைச்சல்கூட இல்லை. மதுரையில் காட்டினால் பார்ப்பதற்கே 3,500 கேட்கிறார்கள்.

பதில்: இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் குமிழை முழுக்க இடது பக்கம் திருப்புங்கள். அதே குமிழில் ஆர்எஃப் கெயினும் (வரும் அலையைப் பெருக்கும் அளவு) இருக்கிற செட் என்றால் நடுவில் வையுங்கள். சத்தம் வந்தால் 3,500 ரூபாய் மிச்சம்.

கேள்வி: ஆன்லைனில் 2,400 ரூபாய்க்கு “லாங் ரேஞ்ச் ஹாம் ரேடியோ” ஒரு ஜோடி வாங்கினேன். ஒன்றைப் பினாங்கில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பலாம் என்று யோசனை. இரண்டிலும் ஒரே அலைவரிசை வைத்தால் போதுமா? யூஎஸ்பி மோட் எங்கே என்றும் தெரியவில்லை. உரிமம் இன்னும் எடுக்கவில்லை.
- கானாடுகாத்தான்

பதில்: போதாது. யூஎஸ்பி மோட் எங்கேயும் இல்லை, அது எஃப்எம் மட்டும் உள்ள கைச்செட். ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்க்கிற தூரம்தான் போகும். கானாடுகாத்தானில் இரண்டு தெரு தாண்டினாலே நல்ல விஷயம், பினாங்கு வேண்டாம்.

வாங்குவதற்கு முன் விவரப் பக்கத்தில் மோட் என்ற ஒரு வரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். உரிமம் இல்லாமல் அதில் பேசுவது சட்டவிரோதம். அனுமதி பெற்ற வாக்கி-டாக்கி வகையில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திச் செட்களுக்கு மட்டும் உரிமம் வேண்டாம். விற்றவர் அதைச் சொல்லாமல் விற்றிருந்தால் தப்பு அவர் மேலும் உண்டு. வாக்கி-டாக்கிகளை இப்படி விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அண்ணனிடம் பேச வாட்ஸ்அப் இருக்கிறது.

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் “அந்தக் காலத்து ஹாம் செட்” என்று 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தேக்குப் பெட்டி, வால்வு, கண்ணாடி டயலில் லண்டன், கொழும்பு, ரங்கூன் என்று ஊர்ப் பெயர்கள். பேரனுக்கு உரிமம் வந்திருக்கிறது, இதில் பேசலாமா? மைக் செருக இடமே காணோம்.
- தேவகோட்டை

பதில்: ஐயா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். அது வீட்டு வால்வு ரேடியோ. செட்டிநாட்டு வீடுகளில் முகப்புத் திண்ணைக்குப் பக்கத்தில் வைத்துக் கொழும்பு வானொலி கேட்டார்களே, அந்த இனம். நல்ல பொருள்தான், ஆனால் அனுப்பாது, வாங்க மட்டும் செய்யும். அதிலும் ஏஎம் மட்டும். ஹாம்கள் பேசும் பக்கப்பட்டைக் குரலைக் கேட்க அனுப்பாத கேரியரை உள்ளேயே போட்டுக்கொள்ள பிஎஃப்ஓ என்ற சுற்று வேண்டும், இந்த மாதிரிப் பெட்டிகளில் அது இருப்பதில்லை. ஊர்ப் பெயர் எழுதிய டயல், மைக் துளை இல்லாமை, மோட் குமிழ் இல்லாமை, இந்த மூன்றும் இருந்தால் விற்பவர் சத்தியமே செய்தாலும் அது ஹாம் செட் இல்லை.

பில் இருக்கிறதா? அதில் “ஹாம்” என்று எழுதியிருந்தால் கடைக்காரரிடம் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருட அவகாசம் உண்டு. பில்லில் “பழைய ரேடியோ 1” என்று மட்டும் எழுதியிருந்தால் கஷ்டம். கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். அவை சாட்சி.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் செட் ஒன்றைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்ன பார்த்து வாங்க வேண்டும்?
- புதுவயல்

பதில்: இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். “செட் ஓடுது சார்” என்பதற்கு இந்தச் சந்தையில் ஒரே பொருள்: விளக்கு எரிகிறது. அதை நம்பி நான் வாங்கிய ஒரு செட்டில் டயலை மேலே சுற்றினால் 7.060, 7.061 என்று போய்த் திடீரென 7.058-க்குத் திரும்பும். குமிழுக்குப் பின்னாலிருந்து சுற்றை எண்ணும் என்கோடர் தேய்ந்துபோயிருந்தது. இன்னொரு செட்டில் “சிடபிள்யூ ஃபில்டர் போட்டது” (மோர்ஸ் ஒலியைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி) என்று 6,000 கூடுதலாக வாங்கினார்கள். வீட்டில் மூடியைத் திறந்தால் ஃபில்டருக்கான இடம் காலி, நாலு திருகுத் துளை மட்டும். முன்பக்கம் நேரோ என்ற பட்டன் பளபளவென்று இருந்தது. அதை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அந்தப் பட்டன் அந்த மாடல் செட் எல்லாவற்றிலும் வரும், ஃபில்டர் தனியாக வாங்கிப் போட வேண்டியது.

ஆகவே சில வேலைகளை விற்பவர் எதிரிலேயே செய்யுங்கள். அரை மணி நேரம் ஆனில் விட்டு டீ குடிக்கச் சொன்னால் குடியுங்கள், ஆனால் அதற்கு முன்பே ஏஎம் மோடில் திருச்சி வானொலியை, 936 கிலோஹெர்ட்ஸில், வையுங்கள். குரல் சுத்தமாக வர வேண்டும். டயலைத் தொடாமல் யூஎஸ்பிக்கு மாற்றுங்கள். செட் துல்லியமாக இருந்தால் விசில் கேட்காது. மெல்லிய விசில் கேட்டால் அதன் சுருதி எவ்வளவோ அவ்வளவு பிசகு. அரை மணி கழித்து அந்தச் சுருதி மாறியிருந்தால் செட் நகர்கிறது, விலையைக் குறையுங்கள் அல்லது கிளம்புங்கள்.

அப்புறம் டயலை ஒரு முழுச் சுற்று மெதுவாக, ஒரு சுற்று வேகமாகச் சுற்றுங்கள். எண் பின்னால் போகவோ நின்று குதிக்கவோ கூடாது. ஸ்டெப் பட்டன், பேண்டு பட்டன், இரண்டு அலைவரிசைகளுக்கு இடையே மாற்றும் ஏ/பி பட்டன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள், கூச்சப்படாதீர்கள், பணம் உங்களுடையது. மோடை மாற்றும்போது இரைச்சலின் தன்மை மாற வேண்டும்: எஃப்எம்மில் பெரிதாகச் சீறும், ஸ்கெல்ச் திருப்பினால் அடங்கும். நேரோ அழுத்தினால் இரைச்சல் ஒடுங்க வேண்டும். ஒடுங்காவிட்டால் என் 6,000 ரூபாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஐடி குமிழைத் திருப்பினால் கேட்கும் குரலின் சுருதி மாற வேண்டும், ஆனால் அனுப்பும் அலைவரிசை மாறக் கூடாது.

கடைசியாக, ஆன்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடு மாட்டி அனுப்பிப் பாருங்கள். பக்கப்பட்டையில் மைக்கை அழுத்திச் சும்மா இருந்தால் மீட்டர் அசையாது. அது கோளாறு இல்லை. “ஆ” என்று பேசினால் ஊசி எழ வேண்டும். பக்கத்தில் இன்னொரு செட்டில் உங்கள் குரலைக் கேட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் ஒப்புக்கொள்ளாத விற்பனையாளர் எதையோ மறைக்கிறார். தனி ஆளிடம் வாங்கிய பழைய பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் பெரிதாக உதவாது. அது கடைக்காரரிடம் வாங்கியவர்களுக்கானது. ஆகவே சோதனை முழுக்கப் பணம் கைமாறும் முன்பு.

கேள்வி: புது செட், எல்லோரும் எனக்குத் தெளிவாகக் கேட்கிறார்கள், ஆனால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. இரண்டு வாரமாகக் கூப்பிடுகிறேன். கடைக்காரர் ஆள் அனுப்ப 2,000 கேட்கிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- காரைக்குடி

பதில்: திரையில் ஸ்ப்ளிட் என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் நீங்கள் விஎஃப்ஓ ஏ என்ற அலைவரிசையில் கேட்டுக்கொண்டு பி-இல் எங்கேயோ பேசுகிறீர்கள். அதை அணைத்து, ஏ=பி அழுத்துங்கள். ஆர்ஐடி அல்லது கிளாரிஃபையர் என்று தெரிந்தால் அதையும் அணையுங்கள். மற்றவர் குரலுக்காக அதைத் திருப்பியிருப்பீர்கள், உங்கள் குரல் பழைய இடத்திலேயே போகும். ஒரு பட்டனை அணைக்க 2,000 கேட்பவர் மீது எனக்கு மதிப்பில்லை. கையேட்டின் முதல் பத்துப் பக்கத்தைப் படிக்காத உங்கள் மீதும் கொஞ்சம் கோபம்.

கேள்வி: இடமில்லாதவர்களுக்கான குட்டி ஆன்டெனா, 40 மீட்டருக்கு, 28,000 சொல்கிறார்கள். நான் கண்டனூரில் பூர்வீக வீட்டில் இருக்கிறேன்.

பதில்: முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கிற வீட்டில் இருந்துகொண்டு இடமில்லாதவர் ஆன்டெனாவா? 40 மீட்டர் டைபோல் என்ற சாதாரணக் கம்பி ஆன்டெனாவுக்கு மொத்தம் 20 மீட்டர் செம்புக்கம்பி போதும். ஓட்டுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். மீதிப் பணத்தில் அதைச் செட்டோடு இணைக்க நல்ல கோஆக்ஸ் கேபிள் வாங்குங்கள்.

கேள்வி: நூறு பட்டன் உள்ள செட் பயமாக இருக்கிறது. சுலபமாக ஏதாவது?
- அழகப்பா பல்கலைக்கழக மாணவி

பதில்: ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்40 பழையது கிடைக்கிறதா என்று பாருங்கள். 40 மீட்டர் மட்டும், எல்எஸ்பி மட்டும். மோட் பட்டனே கிடையாது, தப்பாக வைக்கவும் வழியில்லை.

கேள்வி: பையனுக்குப் பதினோரு வயது. பிறந்தநாளுக்கு 100 வாட் செட் வாங்கித் தரலாமா, 10 வாட் போதுமா?
- திருப்பத்தூர்

பதில்: உரிமத் தேர்வு எழுதவே 12 வயது ஆக வேண்டும். இப்போதைக்கு எஸ்எஸ்பி (பக்கப்பட்டை) உள்ள ஒரு ஷார்ட்வேவ் ரிசீவர் வாங்கிக் கொடுங்கள். வாட் கணக்கை அடுத்த வருடம் எழுதிக் கேளுங்கள்.