பிந்தி வந்த மனச்சாட்சி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கிளிநொச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் தம்பி குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அவனுடைய மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். பல்கலைக்கழகச் செலவை இராணுவமே ஏற்றுக்கொண்டது. படிப்பு முடிந்ததும் அதிகாரியாகச் சேர்ந்து இப்போது லெப்டினன்டாக இருக்கிறான். சில காலமாக ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போய்வந்தவன், இனி எந்தப் போரிலும் பங்குகொள்ளத் தன் வேதம் இடங்கொடுக்கவில்லை என்று சொல்லி, விலகுவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறானாம். தம்பி வெட்கத்தில் யாருடனும் பேசுவதில்லை. நான் சொன்னால் மருமகன் கேட்பான் என்கிறான்.

சேரும்போது தெரியாத வேதம் இப்போது எப்படித் தெரிந்தது? இது பக்தியா, பயமா? அவன் சைவனாகவே இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க முடியுமா? என் இளைய மகள் 2008இல் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது புலிகள் இயக்கத்துக்கென்று வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்டாள். திரும்பி வரவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வராத மனச்சாட்சி, இராணுவத்தின் காசில் படித்த இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? நான் அவனுக்கு என்ன சொல்ல வேண்டும்?

*

அன்புள்ள ரீச்சர்,

சென்ற நவம்பரில் புனித மார்ட்டினாரின் திருநாள் மறையுரை ஒன்றைக் கேட்டேன். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்கு அவர் தம் மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்த கதையை, எல்லாக் குருவானவர்களையும் போல இவரும் உருக்கமாகச் சொன்னார். அதே மார்ட்டினார் பின்னர் உரோமைப் படையிலிருந்து எப்படி விலகினார் என்பதை எல்லாக் குருவானவர்களையும் போலவே சொல்லாமல் விட்டார். வோர்ம்ஸ் நகருக்கு அருகே, சண்டைக்கு முந்திய நாளில், வீரர்களுக்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டபோது, அதை வாங்க மறுத்து, "நான் கிறிஸ்துவின் வீரன், நான் போரிடுதல் ஆகாது" என்று அவர் சொன்னதாக அவருடைய வரலாறு கூறுகிறது. கோழை என்று தளபதி ஏசினார். அப்படியென்றால் நாளைக்கு ஆயுதமின்றி முன்வரிசையில் நிற்கிறேன் என்றார் மார்ட்டினார். அன்றிலிருந்து இந்த விடயம் மனதில் உழன்றுகொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

சில கேள்விகளை விரைவாகவே கடந்துபோகிறேன். சைவனாக இருந்திருந்தால் கேட்டிருக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965இலும் 1970இலும் கொடுத்த இரண்டு தீர்ப்புகளுக்குப் பிறகு, போரை மறுப்பவர் இன்ன சபையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கே இடமில்லை. கடவுள் நம்பிக்கை மற்றவர்களின் வாழ்க்கையில் வகிக்கும் இடத்தை இவருடைய வாழ்க்கையில் இந்த நம்பிக்கை வகிக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தம்பியின் வெட்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அது அவருடைய நண்பர்கள் வட்டத்தைப் பற்றிய கவலையே ஒழிய, மகனைப் பற்றிய கவலை அல்ல. படிப்புச் செலவைப் பொறுத்தவரை, அந்த நாட்டு அரசு அதைத் திருப்பிக் கேட்கக்கூடும், பையன் கட்ட வேண்டியும் வரலாம். "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற மூதுரையைத் தம்பிக்காக நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

ஆனால் "சேரும்போது தெரியாத வேதம் இப்போது எப்படித் தெரிந்தது" என்ற கேள்வியை என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. அறிவுள்ளவர்கள் பலர் இதையே கேட்கிறார்கள், கேட்டுவிட்டு ஏதோ பெரிய மடக்கு மடக்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ரீச்சர், அந்த நாட்டின் படைத்துறை விதியே இதற்கு நேர்மாறானது. மறுப்பு உணர்வு சேர்வதற்கு முன்பே இருந்து, அதைச் சொல்லாமல் ஒருவர் சேர்ந்திருந்தால், அந்த விண்ணப்பம் ஏற்கப்படாது. சேர்ந்த பின்னரே அது அவருக்குள் உறுதிப்பட்டிருக்க வேண்டும். ஆகவே பிந்தி வந்தது என்பது அவன்மீதான குற்றச்சாட்டே அல்ல. அவன் காட்டவேண்டிய தகுதியே அதுதான். அதற்கு மேல், தன் நம்பிக்கை என்ன, அது எப்படி வந்தது, அன்றாட வாழ்க்கையை அது எப்படி மாற்றியது என்றெல்லாம் அவன் எழுத்தில் கொடுக்க வேண்டும். படைத்துறைக் குருவானவர் ஒருவரும் உளநல மருத்துவர் ஒருவரும் அவனைச் செவ்வி காண்பார்கள். தரத்தில் அவனுக்கு மூத்த அதிகாரி ஒருவர் விசாரணை நடத்துவார். கோப்பு மேலிடம் வரை ஏறி இறங்கும்வரை அவன் சீருடை அணிய வேண்டும், கட்டளைகளுக்குக் கீழ்ப்படியவும் வேண்டும். நம்பிக்கைக்கு மிகவும் முரணான வேலைகளை இயன்றவரை தவிர்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இத்தனைக்கும் நடுவே அதே உணவுக்கூடத்தில், அதே தோழர்களுடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன் அவன். பயந்தவன் தெரிவுசெய்யும் வழியா இது?

மைக்கேல் இஸ்பிக்கி என்ற கடற்படை அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தில் பட்டம் பெற்று நீர்மூழ்கிப் பயிற்சிக்குச் சென்றவர். அங்கே ஓர் உளவியல் பரீட்சையில், அணுகுண்டு பொருத்திய ஏவுகணையை ஏவும்படி கட்டளை வந்தால் ஏவுவீரா என்று கேட்டிருந்தது. வகுப்பறையில் எத்தனையோ நாள் மங்கலாகக் கிடந்த விடயம் அந்த ஒரு வினாவில் முகத்துக்கு நேரே வந்து நின்றது. தம் கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அவர் இல்லை என்று எழுதினார். இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். 2011 பெப்ரவரியில் கௌரவமான விலகலைக் கடற்படை வழங்கியது. ஏவுகணை இருக்கிறது என்பது சேரும்போதே அவருக்குத் தெரியாதா? தெரியும். அதை ஏவும் விரல் தன்னுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. கையில் எடுத்த பிறகே எடையை அறியக்கூடிய பொருட்களுள் துவக்கும் ஒன்று. மேசையில் இருக்கும்போதே எடையைச் சொல்லவில்லையே என்று அவனைக் கடிந்துகொள்வது நியாயமா?

பக்தியா, பயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது தருமபுரத்தில், போரில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த தறப்பாள் கொட்டில்களுக்கு இடையில். எங்களுக்கு அடுத்த கொட்டிலில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக் குடும்பம் இருந்தது. தகப்பன் தச்சுவேலை செய்பவர். மூத்த பையனைக் கேட்டு இயக்கத்து ஆட்கள் வந்தபோது அவர் உளியைக் கீழே வைக்காமலே, "தம்பியவை, கொலை செய்யாதிருப்பாயாக எண்டு எங்கட வேதத்தில கிடக்கு. நான் அதை அழிக்கேலுமோ?" என்றார். வந்தவர்களில் ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. "ஐயா, நாளைக்கு ஷெல் விழேக்க உங்கட வேதம் மறிக்குமோ?" என்று அவன் கேட்டான். பையனைக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் என் காதில் இன்றும் கிடப்பது அந்தப் பேச்சு அல்ல. கிணற்றடியில் பெண்கள் பேசியதுதான். "வேதத்தைச் சாட்டிப் பிள்ளையை ஒளிக்கப் பார்த்தவை. எங்கட பிள்ளையள் என்ன தெருவில கிடந்து எடுத்ததோ?" அப்படிப் பேசியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்.

அந்தப் பையன் ஒருநாள் இரவில் தப்பி வந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஓடினால் அடையாளம் காண்பதற்கு அது போதும். தாய் அவனுடைய தலையில் துவாயைச் சுற்றி, காய்ச்சல்காரனைப் போலப் படுக்கவைத்திருந்தாள். துவக்கை நீட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றதாகவும், அடித்த பிறகு மண்வெட்டியைக் கொடுத்ததாகவும், அதை வாங்கிக்கொண்டதாகவும் சொன்னான். "நான் வெட்டின பங்கருக்குள்ள இருந்துதானே அண்ணை மற்றவன் சுட்டவன்" என்று அவனே சொல்லிவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்கச் சட்டத்தில் இந்த மண்வெட்டிக்கும் ஓர் இடம் உண்டு. முற்றாக விலகுவது ஒரு வகை, ஆயுதம் ஏந்தாத பணியில் தொடர்வது மற்ற வகை. துவக்கைத் தொடாமலே மருத்துவ உதவியாளராக ஒகினாவாவில் காயப்பட்டவர்களைக் காப்பாற்றி, 1945இல் அந்நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தைப் பெற்ற டெஸ்மண்ட் டோஸ் இரண்டாவது வகையில் நின்றவர். தச்சரின் மகனுக்கு அந்த இரண்டாவது வகைகூட நெஞ்சில் உறுத்தியது. பயமாக இருந்ததா என்று நான் கேட்டேன். "பயந்தான் அண்ணை. சாகவும் பயம். சுடவும் பயம்" என்றான். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

சாகவும் பயம், சுடவும் பயம். இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்து, முதலாவது துளிகூட இல்லாதவனுக்கே இரண்டாவதைச் சொல்லும் உரிமை உண்டு என்று ஏன் அடம்பிடிக்கிறோம்? சொல்வது உண்மையா என்றுதான் அந்த நாட்டு விசாரணை அதிகாரியும் பார்க்கிறார். நீ அஞ்சாநெஞ்சனா என்று அவர் கேட்பதில்லை. நாம்தான் கேட்கிறோம்.

அந்தச் சட்டம் உத்தமமானது என்று நான் சொல்லவில்லை. எல்லாப் போரையும் மறுப்பவனுக்கே அது கதவைத் திறக்கிறது. வியட்நாம் காலத்தில் லூயிஸ் நெக்ரே என்ற கத்தோலிக்கப் படைவீரர், தம் திருச்சபை நீதியான போர், அநீதியான போர் என்று பிரித்துப் பார்க்கவே தமக்குக் கற்பித்தது, இந்தப் போர் அநீதியானது என்று சொல்லி விலகக் கேட்டார். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. நீதியரசர் டக்ளஸ் ஒருவரே மாறுபட்டு நின்றார். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் நம்முடைய ஏனாதிநாத நாயனார். வாட்பயிற்சி ஆசிரியர், போர்த்தொழிலே பிழைப்பாகக் கொண்டவர். வெல்லும் தறுவாயில், எதிரியின் நெற்றியில் அதுவரை கேடயத்தால் மறைத்திருந்த திருநீற்றைக் கண்டவுடன் இனி வெட்டமாட்டேன் என்று நின்றவர். அதிலும் வாளைக் கீழே போட்டால் நிராயுதபாணியைக் கொன்ற பழி அவனைச் சேருமே என்று, போரிடுபவரைப் போலவே வாளையும் கேடயத்தையும் ஏந்தியபடி நின்று உயிரைக் கொடுத்தவர். ஒரே ஒரு மனிதனுக்கு எதிராக மட்டும், அதுவும் சண்டையின் நடுவில் வந்த மறுப்பு. அமெரிக்க விசாரணை அதிகாரி அவருடைய விண்ணப்பத்தை நிச்சயமாகத் தள்ளுபடி செய்திருப்பார். சைவத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்ட நீங்கள், நாயன்மார் கதைகளை எத்தனை வகுப்புகளுக்குப் படிப்பித்திருப்பீர்கள்?

இனி அந்த வசனத்துக்கு வருகிறேன். "எங்கள் பிள்ளைகளுக்கு வராத மனச்சாட்சி." ரீச்சர், இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? உங்கள் மகளுக்கு அது வரவில்லை என்று யார் சொன்னது? அவள் எந்த மேசைக்கு முன்னால் போய் எந்தப் படிவத்தை நிரப்பியிருப்பாள்? எந்தக் குருவானவர் அவளைச் செவ்வி கண்டிருப்பார்? வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த பிள்ளைகளையே 2009இல் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆலயத்துக்குள் வந்து பிடித்தவர்களிடம் போய் அவள் என்ன விண்ணப்பம் கொடுத்திருப்பாள்? இந்த நாட்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உரியது என்கிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. ஆயுதம் ஏந்த மறுக்கும் உரிமையை அந்த உடன்படிக்கையிலிருந்தே பெறலாம் என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 1993இல் சொன்னது. காகிதத்தில் எல்லாம் இருந்தன. தட்டுவதற்கு ஒரு கதவுதான் எந்தப் பக்கத்திலும் இருக்கவில்லை. மறுபக்கத்தில் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த படையினர் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். அரசு காலத்துக்குக் காலம் பொதுமன்னிப்பு அறிவித்தது. மன்னிப்பு என்றால் குற்றம் செய்தாய், விட்டுவிடுகிறேன் என்று அர்த்தம். அந்த இளைஞர்களுள் எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் என்பதை எவரும் கேட்கவில்லை.

உங்கள் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. மகளுக்குக் கிடைக்காதது மருமகனுக்குக் கிடைக்கும்போது வயிறு எரிவது இயல்பு. எரியட்டும். ஆனால் அந்த எரிச்சலில் மகளுடைய மனச்சாட்சியையே இல்லையென்று ஆக்கிவிடாதீர்கள். பிடித்துப் போனவர்கள்கூட அவளிடமிருந்து அதை எடுத்திருக்க முடியாது. நீங்கள் ஒரு வசனத்தில் எடுத்துவிட்டீர்கள்.

அவனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். போ என்றோ நில் என்றோ நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. முடிவை அவன் எடுத்தாயிற்று. இப்படியான விண்ணப்பங்களுடன், விண்ணப்பிப்பவரை அறிந்தவர்கள் எழுதும் கடிதங்களையும் சேர்ப்பது வழக்கம். உங்களிடமிருந்து ஒன்று வேண்டுமா என்று அவனிடம் கேளுங்கள். வேண்டுமென்றால், அவன் நல்லவன், வல்லவன் என்று நற்சான்றிதழ் எழுதாமல், அவனுடைய மச்சாளைப் பற்றி எழுதுங்கள்: என்ன பாடம் படித்தாள், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வந்தார்கள், அவள் என்ன சொன்னாள், நீங்கள் என்ன சொன்னீர்கள். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதென்றால் மொழிபெயர்ப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள். தம்பியிடம் மட்டும் கொடுக்க வேண்டாம். அவர் உங்கள் வசனங்களைத் திருத்திவிடுவார்.